போர்மேனைக் கைதுசெய்தால் போதுமா?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வெடிவிபத்து நடந்தால் மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். ஆலையின் போர்மேன் கைது செய்யப்பட்டார், உரிமையாளரைப் போலீசார் தேடிவருகிறார்கள் என்பதுதான் அது. ஊர்ப் பெயரும் தேதியும் மட்டும் மாறும். 2012 செப்டம்பர் 5 முதலிபட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம், 2023 அக்டோபர் 17 ரெங்கபாளையம், 2024 மே 9 செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. முதலிபட்டியில் மட்டும் 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிய பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல்.

இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். வேலை இடத்தில் தலைவர் என்பவர் யார்? போலீஸ் கணக்குப்படி போர்மேன். மருந்து எவ்வளவு கலக்க வேண்டும், ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு என்று காகிதம் சொல்கிறது. இந்த மூன்றில் ஒன்றையாவது முடிவுசெய்யும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறதா?

தலைமைப் பண்பு பற்றிய புத்தகங்களை இன்றைக்கு நம் இளைஞர்கள் நிறைய வாங்குகிறார்கள். புன்னகையோடு பேசு, முன்னால் நின்று வழிநடத்து, குழுவை ஊக்கப்படுத்து என்று அவை அறிவுரை சொல்கின்றன. தலைவர் என்று பெயர் வாங்கியவரிடம் அதிகாரமும் இருக்கிறது என்று அந்தப் புத்தகங்கள் எடுத்துக்கொள்கின்றன. பட்டாசு வட்டாரத்தில் அதிகாரம் உள்ளவர் ஒருவர், பொறுப்பைச் சுமப்பவர் இன்னொருவர், உயிரைக் கொடுப்பவர் மூன்றாமவர். இந்த மூவருக்கும் நடுவே சாதி இருக்கிறது, பெண் என்ற இளக்காரம் இருக்கிறது, கடன் இருக்கிறது. அவற்றைப் பேசாமல் நல்ல தலைவரைப் பற்றிப் பேச முடியாது.

என் பெரியம்மா பதினெட்டு வருஷம் வெடி ஆபீசுக்குப் போனவர். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை அப்படித்தான் சொல்வோம். விடியும் முன்னே சோறு பொங்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஊர் மந்தைக்கு வரும் வேனில் ஏறுவார். நாலைந்து ஆலைகளில் வேலை பார்த்திருக்கிறார். "நீங்க பாத்ததுலயே நல்ல போர்மேன் யாரு பெரியம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அது சித்திரை மாசம். மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும். எம் பக்கத்துல இருந்த பொண்ணு, மருந்து கைக்குச் சூடா இருக்குன்னு சொன்னா. அந்த அண்ணாச்சி வந்தாரு. ஏன் எதுக்குன்னு ஒண்ணும் கேக்கல. எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்கன்னுட்டாரு. அன்னிக்குக் கூலியிலயும் கை வைக்கல."

"அப்புறம் அவரு அங்கேயே இருந்தாரா?"

"எங்கப்பா இருக்க விட்டாங்க? தீவாளிக்கு முன்னாடியே நிப்பாட்டிட்டாங்க. அன்னிக்கு ஒண்ணும் வெடிக்கல பாரு. அதனால அவரு செஞ்சது தப்புன்னு ஆயிருச்சு."

நான் படித்த எந்த நூலிலும் நல்ல தலைவரைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொல்லப்படவில்லை. கடைசியில் உட்கார்ந்திருக்கும் பெண் வாய் திறந்து ஆபத்தைச் சொல்ல முடிந்தது. அவள் சொல்லைச் சாட்சி கேட்காமல் ஒருவர் நம்பினார். நம்பியதற்கான விலையை அவள் கூலியில் பிடிக்கவில்லை. இந்த மூன்றும் நடந்த இடத்தில்தான் தலைமை இருந்தது. ஆனால் அது ஒரு தனிமனிதரின் நல்ல குணமாக மட்டுமே இருந்ததால், தீபாவளி வரைகூட நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு ஆலையின் கணக்கைப் பார்க்க வேண்டும். எவ்வளவு மருந்து கையாளலாம் என்பதைப் பொறுத்து நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். முதல் இரண்டும் ஒன்றிய அரசின் வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோ தருவது, மூன்றாவது மாவட்ட வருவாய் அலுவலர் தருவது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், தரையில் ரப்பர் விரிப்பு, இரும்புச் சாமான் ஆகாது என்று விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ செத்திருக்கிறார்கள். முந்தின நாள் மிஞ்சிய கலவை இரவு ஈரத்தில் சூடேறி மறுநாள் காலையில் வெடிக்கும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த உரிமத்தை வாங்கியவர் பல இடங்களில் ஆலையை நடத்துவதில்லை, குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்கு எடுத்தவர் அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுகிறார். அச்சன்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து விசாரித்தபோது வெளிவந்ததும் இந்தக் குத்தகைக் கதைதான். குத்தகைக்காரர் முன்பணம் கட்டியிருக்கிறார். சீசன் முடிவதற்குள் அதை எடுத்தாக வேண்டும். நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருவதும், அறையில் இடமில்லாமல் மரத்தடியில் பட்டாசு செய்வதும் அந்த அவசரத்தின் விளைவு. ஒரே வளாகத்துக்குள் ஐந்து குத்தகைக்காரர்கள் இருந்தால் அங்கே தலைவர் யார்? லாபத்துக்கு ஐந்து பேர். ஆபத்துக்கு ஒரு போர்மேன்.

தொழிலாளிக்கும் நிறுத்தச் சொல்லும் வசதி இல்லை. கூலி பெரும்பாலும் பீஸ் ரேட். எத்தனை செய்கிறோமோ அத்தனைக்குத்தான் காசு. காது குத்துக்கும் மகள் பிரசவத்துக்கும் வாங்கிய முன்பணம் ஏற்கெனவே கழுத்தில் கிடக்கிறது. ஒரு மணி நேரம் அறையை மூடினால் ஒரு மணி நேரக் கூலி போகும். அதனால் பக்கத்தில் இருப்பவள் "மருந்து சுடுது" என்றால், "நீ சும்மா இரு, இன்னும் ரெண்டு கட்டு முடிச்சுருவோம்" என்று இன்னொரு ஏழையே சொல்கிறாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபத்தைக் கூலியோடு கட்டிப்போட்டவர்கள் வேறு ஆட்கள்.

இனி சாதிக்கு வருவோம். வேன் ஊர் ஊராகத்தான் வருகிறது, ஊரோ தெருத் தெருவாகப் பிரிந்து கிடக்கிறது. வேனில் ஏறியவர்கள் தெருவைக் கீழே இறக்கிவைத்துவிட்டு ஏறுவதில்லை. மருந்தும் திரியும் கையில் எடுக்கும் வேலைகளில் தலித் மக்களும், பிற்படுத்தப்பட்ட சாதிகளின் நிலமற்ற ஏழைகளும், எல்லாச் சாதிப் பெண்களும் இருக்கிறார்கள். ஐம்பது வயதுத் தலித் பெண்ணை இருபத்தைந்து வயதுக் கணக்குப்பிள்ளை "ஏ, இங்க வா" என்று கூப்பிடுவதை நான் கேட்டிருக்கிறேன். அதே வாய் அடுத்த அறையில் தன் தெருப் பெண்ணை "அக்கா, வாங்க" என்றது. இதை மரியாதைப் பிரச்சினை என்று மட்டும் பார்க்காதீர்கள். இது உயிர்ப் பிரச்சினை. "ஏ" என்று யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் "மருந்து சுடுது" என்று சொன்னால் அது நம் காதில் எச்சரிக்கையாக விழாது, வேலைக்கு வணங்காத பேச்சாகத்தான் விழும்.

சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். 1938-இல் மன்மாடில் நடந்த ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளிக்கு முதலாளித்துவம், பார்ப்பனியம் என இரண்டு எதிரிகள் இருப்பதை எடுத்துரைத்தார். ரயில்வேயில் தலித்துகள் ஆண்டுக்கணக்கில் கேங்மேன்களாகவே நிறுத்தப்பட்டதையும், பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குள் விடப்படாததையும் அவர் தொடர்ந்து பேசினார். வேலை செய்யும் திறமைக்கும் வேலையை நடத்தும் அதிகாரத்துக்கும் நடுவில் சாதி சுவர் எழுப்புகிறது என்பதுதான் அதன் பொருள். என் பெரியம்மாவிடம், எந்த ஆலையிலாவது பெண் போர்மேன் உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார். மருந்தின் நிறத்தையும் வாடையையும் வைத்தே அது சரியில்லை என்று சொல்லிவிடக் கூடியவர் அவர். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அப்போது 1943 டிசம்பரில் ஜாரியா நிலக்கரி வயல்களுக்குப் போய்ச் சுரங்கத்துக்குள் நேரிலேயே இறங்கிப் பார்த்தார். அரசும் முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் உட்காரும் முத்தரப்புக் கூட்டங்களை நடத்தினார். முதலாளிகள் தொழிற்சங்கத்தைக் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்று 1943-இல் மசோதா கொண்டுவந்தார். இறங்கிப் பார்ப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தான் இல்லாத நேரத்திலும் தொழிலாளி பேச முடிகிற ஏற்பாட்டை உண்டாக்க முயன்றார். பெரியம்மா சொன்ன அண்ணாச்சியிடம் இல்லாமல் போனது அந்த ஏற்பாடுதான்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு முன்னுதாரணம் இருக்கிறது. கோயில் நுழைவு உரிமை கேட்டதற்காக 1899 ஜூன் 6 அன்று சிவகாசி நாடார்கள் தாக்கப்பட்டார்கள், அவர்கள் வீடுகள் கொளுத்தப்பட்டன. மழையும் இல்லாத, மரியாதையும் கிடைக்காத அந்த மண்ணிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் உழைப்பால் எழுந்த கதை அது. அதை நாம் பெருமையாகவே சொல்ல வேண்டும். மேலே ஏறியவர் தனக்குக் கீழே இருப்பவரை என்ன செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு நல்ல பதிலாக வாழ்ந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இன்றைய விருதுநகர் மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்கு அவர் தலைவரானார். தாழ்த்தப்பட்டவர்களைத் தனியார் பேருந்துகளில் ஏற்ற மறுத்துவந்த காலம் அது. இனி யாரையாவது ஏற்ற மறுத்தால் அந்தப் பேருந்தின் உரிமம் போய்விடும் என்று அவர் உத்தரவிட்டார். பேருந்து முதலாளிகளுக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. தன் கையில் இருந்த உரிமம் என்ற அதிகாரத்தை, வெளியே நிறுத்தப்பட்டவருக்காகப் பயன்படுத்தினார்.

அதே மண்ணில் இன்றைக்கு உரிமம் எதற்குப் பயன்படுகிறது? வாடகைக்கு விடப் பயன்படுகிறது. விபத்து நடந்தால் அரசு உரிமத்தைத் தற்காலிகமாக ரத்து செய்கிறது. கொஞ்ச நாளில் பெயர்ப்பலகைக்கு வெள்ளையடித்து வேலை மறுபடி தொடங்குகிறது. செத்தவர் வீட்டில் மட்டும் தற்காலிகம் என்று எதுவும் கிடையாது.

சட்டம் என்ன சொல்லியிருக்கிறது? போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-எச் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான தொழிலில் உடனடி ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம், நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும் என்றது அந்தப் பிரிவு. எச்சரிக்கும் உரிமை தந்தது, ஆனால் எழுந்து வெளியே போகும் உரிமையை அதே தெளிவோடு தரவில்லை. அதற்கு முன்பே, 1981-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நம் பெண்கள் உட்கார்ந்து திரி வைக்கிறார்கள்.

ஜப்பானின் டொயோட்டா கார் ஆலையில், வேலை வரிசையின் ஓரத்தில் ஒரு கயிறு தொங்கும். கோளாறைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுத்து உதவி கேட்கலாம், கோளாறு தீராவிட்டால் வரிசையே நிற்கும். டொயோட்டா தர்ம ஸ்தாபனம் இல்லை. லாபத்துக்காகவே அதைச் செய்தது. கார் கதவு கோணலாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கடைநிலைத் தொழிலாளியின் கையில் கயிற்றைக் கொடுக்க முடிகிறது. உயிர் போகும் தொழிலில் மட்டும் அது நடக்காத காரியமாகிவிடுகிறது. செலவு என்பார்கள். செலவு பாதிக் காரணம்தான். சாதியில் கீழே இருக்கும் ஒரு பெண் சொல்லி மேலே இருப்பவரின் வேலை நிற்பதா என்ற எரிச்சல் மீதிப் பாதி.

இப்படிப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். தொழிலே அழிந்துவிடும், லட்சக்கணக்கான குடும்பங்கள் எங்கே போகும் என்பார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடைவிதித்தபோது எங்கள் ஊர் அடுப்புகள் அணைந்ததை நேரில் பார்த்தவன் நான். ஆலைகளை மூடு என்பது என் வாதம் இல்லை. விதிப்படி நடக்கும் ஆலைகளும் இங்கே இருக்கின்றன, அக்கறையான உரிமையாளர்களும் இருக்கிறார்கள். விதியை மீறி மலிவாகச் செய்யும் குத்தகைக்காரரோடு போட்டி போட முடியாமல் முதலில் தோற்பவர்கள் அவர்கள்தான். தொழிலாளி எழுந்து நிற்க முடிகிற ஆலைதான் பத்து வருஷம் கழித்தும் நிற்கும்.

அதனால் நல்ல தலைவர் வேண்டும் என்று வேண்டிக்கொள்வதை விட்டுவிட்டு, நல்ல தலைமை நிலைப்பதற்கான ஏற்பாட்டைக் கேட்போம். முதலாவது, ஆபத்து காரணமாக வேலை நின்றால் அன்றைய முழுக் கூலியும் தர வேண்டும். பீஸ் ரேட் ஆட்களுக்கு வழக்கமாக அவர்கள் ஈட்டும் கூலியைத் தரட்டும். இரண்டாவது, ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளிகளே தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிகள் வேண்டும், அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும், தலித் தொழிலாளிகளுக்கு உறுதியான இடம் வேண்டும். மூன்றாவது, வேலையை நிறுத்திய போர்மேனையோ தொழிலாளியையோ வேலையைவிட்டு நீக்கினால் அது குற்றமாக வேண்டும். நான்காவது, பத்து வருஷம் மருந்தில் கைவைத்த பெண்களுக்குப் போர்மேன் பயிற்சியில் முன்னுரிமை வேண்டும். கடைசியாக, உரிமத்தைக் குத்தகைக்கு விட்டது தெரிந்தால் அந்த உரிமம் நிரந்தரமாகப் போக வேண்டும், விபத்து வழக்கில் முதல் பெயர் அவர் பெயராக இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ கணினி முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். சிலர் இன்றைக்கு டீம் லீடாக இருப்பீர்கள், சிலர் நாளைக்கு ஆவீர்கள். அங்கே மருந்து வெடிக்காது. ஆனாலும் இதே கேள்விகளை உங்கள் மேசைக்கும் கொண்டுபோங்கள். கெட்ட செய்தியை உங்களிடம் முதலில் சொல்லும் துணிச்சல் உங்கள் குழுவில் யாருக்கு இருக்கிறது? யார் சொன்னால் உடனே நம்புகிறீர்கள், யார் சொன்னால் இரண்டு பேரிடம் விசாரிக்கிறீர்கள்? அலுவலகத்தைக் கூட்டும் அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? கடைசியாக உங்களிடம் முடியாது என்று சொன்னவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்? பதில் சொல்லும்போது கொஞ்சம் உறுத்தினால் நல்லது.

பெரியம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. மூச்சு வாங்குகிறது. அவர் மகள் போகிறாள், அதே மந்தை, அதே மாதிரி வேன். சாயங்காலம் வேன் வர அரை மணி தாமதமானால் பெரியம்மா வாசலில் வந்து நிற்பார். மகளுடைய ஆலையில் போர்மேன் எப்படி என்று கேட்டேன். "நல்ல மனுசன்தாம்ப்பா" என்றார். "ஆனா நிப்பாட்டுன்னு சொல்ல அவரால ஏலாது."